இல்லாத காலும் நோகும்

(எமது வானொலியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நோவைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். வலி என்றும் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் வலி என்றால் வலிப்பு வருத்தத்தையும் குறிக்கும். "பிள்ளைக்கு வலி வந்திட்டுது" என்று கேட்டால் பனடோலைத் தேட மாட்டார்கள், காரைத் தேடுவார்கள். ஆகவே நோ என்றே சொல்லிக்கொள்கிறேன்.

நான் வைத்தியன் அல்லன். வர்த்தகம் படித்துவிட்டு இத்தனை வருடமாக மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து வருகிறவன். ஒரு விடயம் எங்கே நடந்தது, அதற்கான சிட்டை யார் யார் கையால் போனது, கடைசியில் எந்தப் பேரேட்டில் எப்படிப் பதிவானது என்று தேடுவதுதான் எனது தொழில். உடம்பில் ஏற்படுகின்ற ஓர் உணர்வு மூளைக்குப் போய்ச் சேருகிற விதத்தை வாசிக்கத் தொடங்கியபோது, அட, இது நமக்குப் பழக்கப்பட்ட வேலையாக இருக்கிறதே என்று தோன்றியது.

இந்த விடயத்தை எடுத்ததற்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் காரணம். சில வாரங்களுக்கு முன்பு நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓர் அக்கா கலையகத்துக்கு எடுத்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. அவருடைய கணவருக்கு ஊரில் மிதிவெடியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல். செயற்கைக் காலோடு வேலைக்குப் போய் வருகிறார், பிள்ளைகளைப் படிப்பித்து விட்டார். ஆனால் இரவில், இல்லாத அந்தக் காலின் விரல்கள் மடங்கி முறுக்குவதாகச் சொல்லி எழும்பிக் குந்திக்கொண்டு இருப்பாராம். "காலே இல்லை, பிறகெப்பிடிக் கால் நோகும்? அது மனப்பிரமை" என்று உறவுக்காரர் சொல்லிச் சொல்லி, இப்போது அவர் ஒருவரிடமும் சொல்வதில்லை. குடும்ப வைத்தியரிடம்கூடச் சொல்வதில்லை. "தம்பி, இவருக்கு மூளையிலை ஏதும் பிழையோ?" என்று அந்த அக்கா என்னைக் கேட்டார்.

பிழை இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். நீண்ட பதிலைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முதலில் நோ எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இருட்டில் எழும்பி நடந்து மேசைக்காலில் பெருவிரலை அடித்துக் கொள்ளாதவர் எங்களில் எவரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரம் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். முதலில் "முட்டுப்பட்டிட்டுது" என்று தெரியும். உடனேயே சுள்ளென்று ஒரு குத்து. பிறகு ஒரு சின்ன இடைவெளி. "ஐயோ, இனி வரப்போகுது" என்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொள்கிற இடைவெளி அது. அதன் பிறகுதான் அந்தக் கொதிக்கிற, உளைகிற நோ மெல்ல ஏறி வரும்.

இது உங்கள் கற்பனை அல்ல. மூன்று வகையான நரம்பு இழைகள் மூன்று வேகத்தில் ஓடுகின்றன. தொடுகையைக் கொண்டு போகிற தடித்த இழைகளில் செய்தி செக்கனுக்கு 35 முதல் 75 மீற்றர் வரை ஓடும். சுள்ளென்ற குத்தைக் கொண்டு போகிற மெல்லிய இழைகளில் 5 முதல் 30 மீற்றர். கொதிப்பையும் உளைவையும் கொண்டு போகிற மிக மெல்லிய இழைகளில் அரை மீற்றரில் இருந்து இரண்டு மீற்றர் வரைதான், அதாவது நாங்கள் நடக்கிற வேகம். பெருவிரலில் இருந்து முள்ளந்தண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர். தொடுகை கண் இமைக்கும் முன்னே போய்விடும். உளைவு நடந்து போய்ச் சேர அரைச் செக்கனில் இருந்து இரண்டு செக்கன் வரை எடுக்கும். கடுகதித் தபாலும் சாதாரணத் தபாலும் ஒரே விலாசத்தில் இருந்து புறப்பட்டது போலத்தான்.

சரி, தபால் எங்கே போகிறது? நேரே மூளைக்கு என்றுதான் முந்நூறு வருடமாக நினைத்துக் கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த் இறந்த பிறகு, 1664இல் வெளிவந்த அவரது நூலில் ஒரு படம் இருக்கிறது. ஒருவன் தன் காலை நெருப்புக்குக் கிட்ட வைத்திருக்கிறான். காலில் இருந்து தலைக்கு ஒரு நூல் போகிறது. கோயில் மணிக்கயிற்றைக் கீழே இழுத்தால் மேலே மணி அடிப்பது போல, காலில் சுட்டால் மூளையில் நோ அடிக்கும் என்பது அவரது விளக்கம். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு சத்தம். கயிறே இல்லாவிட்டால் சத்தமும் இல்லை. அந்த அக்காவின் உறவுக்காரர் சொல்வதும் இதே தெக்கார்த்தின் கதைதான், அவர்களுக்கு அது தெரியாவிட்டாலும்.

இந்த மணிக்கயிற்றுக் கதையை உடைத்தவர்களில் ஒருவர் நாங்கள் வாழ்கிற இந்தக் கனடாவைச் சேர்ந்தவர். மொன்றியலில் பிறந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் உளவியல் பேராசிரியராக இருந்து 2019இல் காலமான றொனால்ட் மெல்சாக். அவரும் பற்றிக் வோல் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து 1965இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முள்ளந்தண்டு வெறும் கயிறு அல்ல, அங்கே ஒரு படலை இருக்கிறது என்றார்கள். உடம்பில் இருந்து வருகிற செய்தி எல்லாவற்றையும் முள்ளந்தண்டு அப்படியே மேலே அனுப்புவதில்லை. அங்கேயுள்ள சிறிய நரம்பணுக்கள் சிலதைத் தடுக்கும், சிலதை விடும்.

எங்கள் பாசையில் சொன்னால், முள்ளந்தண்டு ஒரு கிளை அலுவலகம். கிளைக்கு வருகிற சிட்டைகள் எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் அங்கே இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கிளையில் இருப்பவர் பார்த்து, தேவையானதை மட்டும் அனுப்புவார்.

படலையைச் சாத்துகிற ஒரு வழி எங்கள் அம்மாமாருக்கு எப்போதோ தெரியும். பிள்ளை விழுந்து முழங்காலை அடித்துக்கொண்டால் என்ன செய்வார்கள்? தடவி விடுவார்கள். தடவும்போது தொடுகையைக் கொண்டு போகிற தடித்த இழைகள் வேலை செய்கின்றன. அந்தச் செய்தி முள்ளந்தண்டில் உள்ள தடுப்பு நரம்பணுக்களை எழுப்பி விடுகிறது. அவை மெல்லிய இழைகளில் வருகிற நோவை மறிக்கின்றன. உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையங்களில் நாரியில் ஒட்டி விறுவிறுவென்று மின்சாரம் கொடுக்கிற அந்தச் சின்ன இயந்திரம், ரென்ஸ் என்பார்கள், அதுவும் இந்தக் கொள்கையில் இருந்து வந்ததுதான். மெல்சாக்கும் வோலும் கீறிய படத்தின் சில கோடுகள் பிழை என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். ஆனால் படலை என்ற அடிப்படை எண்ணம் நின்றுவிட்டது.

இந்தப் படலையைக் கீழே இருந்து மட்டுமல்ல, மேலே இருந்தும் சாத்தலாம். இதை எங்களில் பலர் அனுபவத்தில் அறிவோம். செல்லடிக்குள் ஓடியவர்கள், "காயம் பட்டது எனக்குத் தெரியாது, பங்கருக்குள் வந்த பிறகுதான் இரத்தத்தைக் கண்டேன்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் இதைக் கணக்கெடுத்தார். பாரதூரமாகக் காயப்பட்டு வந்த படையினரை விசாரித்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நோ மருந்து வேண்டும் என்று கேட்கவில்லை. 1946இல் அதை வெளியிட்டார். அவர்களுக்கு நரம்பு கெட்டுப் போகவில்லை, ஊசி ஏற்றும்போது மற்றவர்களைப் போலத்தான் முறையிட்டார்கள். உயிர் தப்ப வேண்டிய நேரத்தில் மூளை மேலே இருந்து கட்டளை அனுப்பி, முள்ளந்தண்டில் படலையைச் சாத்துகிறது. அதற்கென்று மூளைத்தண்டில் ஒரு பகுதியே இருக்கிறது. அபின் போன்ற பொருட்களை உடம்பு தானே தயாரிக்கிறது என்பதும் 1975இல் ஸ்கொட்லாந்தில் அபர்டீனில் கண்டுபிடிக்கப்பட்டது.

படலையைச் சாத்துவது போலவே அகலத் திறந்து விடவும் முடியும். நீண்ட நாள் நோ இருந்தால் முள்ளந்தண்டு நரம்பணுக்கள் கூர்மையாகிவிடும். பிறகு சின்னச் செய்தியையும் பெரிதாக்கி அனுப்பும். போர்வை பட்டாலும் எரியும். கிளிபோர்ட் வூல்ப் என்பவர் 1983இல் இதை எலிகளில் காட்டினார். "காயம் எப்பவோ மாறிவிட்டது, எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை, பிறகேன் நோகிறது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எக்ஸ்றேயில் எலும்பு தெரியும். படலை தெரியாது.

இனித் தலைமை அலுவலகத்துக்குப் போவோம். இதற்கும் மொன்றியலுக்குத்தான் போக வேண்டும், என்ன செய்வது. வைல்டர் பென்பீல்ட் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வலிப்பு நோயாளர்களுக்குச் சிகிச்சை செய்தபோது, அவர்களை மயக்காமல், மண்டைத் தோலை மட்டும் விறைக்கச் செய்து, திறந்த மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூளைக்கு நோ தெரியாது, அதனால் இது சாத்தியம். ஓரிடத்தைத் தொட்டால் "என் பெருவிரலைத் தொடுகிறீர்கள்" என்று நோயாளி சொல்வார். இன்னோரிடத்தைத் தொட்டால் "உதடு" என்பார். இப்படி உடம்பு முழுவதற்கும் மூளையில் ஒரு வரைபடம் இருப்பதை 1937இல் வெளியிட்டார். உதட்டுக்கும் விரல்களுக்கும் பெரிய காணி, முதுகுக்குச் சின்னத் துண்டு. கைக்குரிய காணிக்கு அடுத்த வளவு முகத்துக்குரியது.

இப்போது அந்த அண்ணையின் காலுக்கு வருவோம். மிதிவெடி காலை எடுத்தது. மூளையில் உள்ள காலின் காணியை அது எடுக்கவில்லை. கிளையை மூடிவிட்டார்கள், ஆனால் தலைமை அலுவலகப் பேரேட்டில் அந்தக் கிளையின் பக்கம் திறந்தபடியே இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பின் நுனியில் இருந்தும், முள்ளந்தண்டில் இருந்தும் ஏதாவது ஒரு சமிக்ஞை வந்தால், மூளை அதை எந்தப் பக்கத்தில் பதியும்? காலின் பக்கத்தில்தான். அந்தப் பதிவுதான் "என் கால்விரல் முறுக்குகிறது" என்ற உணர்வு. அவருக்கு அது காலில்தான் நோகிறது, வேறெங்கும் அல்ல.

இது அவருக்கு மட்டும் நடக்கிற புதினம் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த படையினரைப் பார்த்த வியர் மிச்சல் என்ற வைத்தியர் 1871இலேயே இதற்கு "ஆவி உறுப்பு" என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டார். உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த உறுப்பு இருக்கிற உணர்வு உண்டு. அவர்களில் மிகப் பலருக்கு நோவும் உண்டு. எங்கள் சமூகத்தில் எத்தனை பேர் கால் இழந்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரும் ஏன் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை? விசர் என்று சொல்லி விடுவார்கள் என்ற பயந்தான்.

இந்த விடயத்தில் பெயர் பெற்ற இன்னொருவர் ஒரு தமிழர். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு கலிபோர்னியாவில் சான் டியேகோவில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன். கை இழந்த ஓர் இளைஞரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாக அந்த இளைஞர் சொன்னார். பக்கத்து வளவான முகம், வெறுமையான கையின் காணிக்குள் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டது என்பது இராமச்சந்திரனின் விளக்கம். வேலிப் பிரச்சினை எங்களுக்குப் புதிதா என்ன!

ஆனால் நேயர்களே, இந்த வேலிக் கதை அழகாக இருக்கிறது என்பதற்காக முழுதும் நம்பிவிடக் கூடாது. 2013இல் தமார் மாக்கின் என்பவரின் குழுவினர் கை இழந்தவர்களை மூளைப் படக்கருவியில் பரிசோதித்தபோது, நோ அதிகமாக உள்ளவர்களில் கையின் காணி அழியாமல் நன்றாகவே இருப்பதைக் கண்டார்கள். 2025இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், கை அகற்றப்பட இருந்த மூன்று பேரை முதலிலும், அகற்றிய பிறகு சிலரை ஐந்து வருடம் வரையிலும் படம் எடுத்துப் பார்த்தார்கள். கையின் வரைபடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அடுத்த வளவுக்காரர் வேலியைத் தள்ளியதாகத் தெரியவில்லை. வேலி தள்ளப்பட்ட கதையைவிட, பேரேட்டுப் பக்கம் திறந்தபடி இருக்கிற கதைதான் உண்மைக்குக் கிட்ட என்று எனக்குப் படுகிறது.

இராமச்சந்திரனின் கண்ணாடி வைத்தியம் வேறு விடயம். அதைக் கவனமாகக் கேளுங்கள். நிலைக்கண்ணாடி ஒன்றை இரண்டு கால்களுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, நல்ல காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். இல்லாத கால் இருக்கிற இடத்தில் ஒரு கால் தெரியும். நல்ல காலை மெல்ல அசைத்து, விரல்களை மடக்கி விரித்தால், இல்லாத கால் அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்லும். மடங்கி முறுக்கி நின்ற விரல்கள் விரிந்து விட்டதாகச் சிலருக்கு அப்போதே உணர்வு வரும். 2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில் கால் இழந்தவர்களிடம் நாலு கிழமை இதைச் சோதித்தார்கள். கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் நோ குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடிக்கு முன் அதையே செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. சின்னப் பரிசோதனைதான். பிறகு நடந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு நல்ல முடிவு தரவில்லை, சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் குளிசை இல்லாத, செலவு குறைந்த வைத்தியம். சிகிச்சை நிலையத்தில் ஒருமுறை காட்டித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டு வீட்டில் செய்யலாம்.

அடுத்தது சொற்கள். இதுதான் எங்களுக்கு மிக முக்கியம் என்று நினைக்கிறேன்.

மெல்சாக் ஒரு வேலை செய்தார். நோயாளர்கள் நோவைச் சொல்லப் பாவிக்கிற சொற்களைச் சேர்த்தார். 1975இல் அவற்றில் 78 சொற்களை 20 பிரிவாக்கி ஒரு வினாக்கொத்து வெளியிட்டார். மக்கில் வினாக்கொத்து என்று இன்றும் உலகம் முழுதும் பாவிக்கிறார்கள். நோவின் அளவு மட்டும் போதாது, அதன் தன்மையும் வேண்டும் என்பது அவர் கண்டது.

தன்மையைச் சொல்வதில் எங்கள் அம்மாமாரை வெல்ல ஆளில்லை. குத்துது, உளையுது, கடுக்குது, எரியுது, விறைக்குது, இழுக்குது, விண் விண்ணெண்டு தெறிக்குது, கறண்ட் அடிச்ச மாதிரி ஓடுது. ஆனால் வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போகிற பேரப்பிள்ளை இத்தனையையும் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்லில் "நோகுதாம்" என்று முடித்துவிடும். பிள்ளையில் பிழை இல்லை, அதற்கு அந்தச் சொற்கள் தெரியாது. ஆனால் வைத்தியருக்கு அந்த வித்தியாசம் வேண்டும். உளைவும் கடுப்பும் பெரும்பாலும் மூட்டு, தசை பக்கமாக இருக்கும். எரிவும், விறைப்பும், கறண்ட் அடித்த மாதிரி ஓடுவதும் நரம்பே கெட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம். நரம்பு நோவுக்குப் பனடோலும் ரைலனோலும் பெரிதாக உதவுவதில்லை. முதலில் மனச்சோர்வுக்கென்று வந்த அமிற்றிப்ரிலின், வலிப்புக்கென்று வந்த கபாபென்ரின், பிரிகபாலின் போன்ற மருந்துகளைத்தான் கொடுப்பார்கள். அவை நரம்புக் குழாம்களின் இரைச்சலைக் குறைக்கின்றன, மேலிருந்து படலையைச் சாத்த உதவுகின்றன.

இங்கேதான் பிரச்சினை வருகிறது. மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகள் கணினியில் தேடிப் பார்ப்பாள். "அம்மா, இது மனநோய்க்குக் குடுக்கிற குளிசை" என்பாள். அம்மா உடனே குப்பையில் போட்டு விடுவா. "எனக்கு விசர் எண்டு டொக்டர் நினைச்சிட்டார்." நான் இப்படி ஒன்றல்ல, பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து போட வேண்டாம். எதற்குத் தந்தீர்கள் என்று வைத்தியரையோ மருந்துக் கடைக்காரரையோ கேளுங்கள். கொஞ்ச நாள் எடுத்திருந்தால் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். வயதானவர்களுக்குத் தலைசுற்று, நித்திரைத் தூக்கம் வரலாம். அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. இரவில் இரண்டு உள்ளங்காலும் எரிவது, ஊசி குத்துவது, நரம்பு நுனிகள் கெட்டு வருவதன் அறிகுறியாக இருக்கலாம். சிலருக்கு எரிவு குறைந்து போய் மதமதப்பு வரும். சுகம் வந்துவிட்டது என்று சந்தோசப்படக் கூடாது. செய்தி அனுப்புகிற ஆளே போய்விட்டார் என்றும் அர்த்தப்படலாம். ஆணி ஏறினாலும் தெரியாது, சப்பாத்து வெட்டினாலும் தெரியாது. ஒவ்வொரு நாளும் இரவு பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும், குனிய முடியாதவர்கள் ஒரு முகக்கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அந்த அக்காவுக்கும் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நோவை ஆராய்கிற சர்வதேசச் சங்கம் 2020இல் நோ என்றால் என்ன என்ற தனது வரைவிலக்கணத்தைத் திருத்தியது. திசுவுக்குச் சேதம் ஏற்பட்டால் மட்டும் அல்ல, சேதம் ஏற்பட்டது போன்ற உணர்வும் நோதான் என்று அதில் இருக்கிறது. ஒருவர் நோகிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று கீழே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அண்ணையை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லாத கால் நோகிறது என்று அப்படியே சொல்லுங்கள். முறுக்குதா, எரியுதா, கறண்ட் மாதிரியா, இரவிலா பகலிலா என்று ஒரு துண்டில் முதலே எழுதிக்கொண்டு போங்கள். பல வைத்தியசாலைகளில் முன்கூட்டிக் கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தருவார்கள். பேரப்பிள்ளைதான் போக வேண்டும் என்றால், போகிற வழியில் காருக்குள் வைத்து அந்தச் சொற்களை அதற்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த மாதம் வழக்கம்போல வருமான வரிப் படிவங்களோடு வருகிறேன். அதுவும் ஒருவகை நோதான், அதற்குக் கண்ணாடி வைத்தியம் கிடையாது.